அக்கட்டால ஒரு சாண்

காந்திபுரத்தில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று
பதினோராயிரத்துக்குப் படிந்தது.
ஒயருக்கு மட்டும் நாலாயிரம்.
துளசிமணியிடம் நானூறு என்றேன்.

சோமனூர் வீட்டில், சுவரோடு ஒட்டி
இரண்டு பெட்டிகள்.
மிருதங்கம் அண்டாவுக்குள் விழுந்து உருண்டது.

"ஏனுங்க, சத்தத்துக்குத் தொந்தி போட்டிருக்குது.
அக்கட்டால ஒரு சாண் நவுத்துங்க."

பன்னிரண்டு தறி ஓடுகையில்
எதில் ஊடை அறுந்ததென்று
திரும்பாமலே சொல்பவள்.
நவுத்தினேன்.

மூலைக்கு ரெண்டு சாக்கு பனியன் வேஸ்ட்.
எதிர்ச்சுவருக்கு, பீரோ மேல் கிடந்த
பவானி ஜமுக்காளம்.
ஆடுகிற ஸ்டாண்டுக்கு ஐந்து ரூபாய்க் காசு.
தொந்தி கரைந்தது.

இன்னும் தெளிவு வேண்டி வால்யூமைத் திருகப் போனேன்.
"அதைக் கூட்டாதீங்க. தறியை நிறுத்துங்க."

ஞாயிறு சாயங்காலம்.
பக்கத்துக் குடோனிலும் மெயின் ஆஃப்.
ஃபிரிட்ஜையும் பிடுங்கிவிட்டு
ஊசியை இறக்கினேன்.
பாட்டுக்கு முன்னால்
அந்தம்மா மூச்சை இழுப்பது கேட்டது.
இருபது வருஷம் என் வீட்டில்
மூச்சே விடாமல் பாடியிருக்கிறார் பாவம்.

இரண்டு பெட்டிக்கும் நடு மையத்தில்
ஒரு நாற்காலிக்குத்தான் இடம்.
அவளை உட்கார்த்திவிட்டு
வலப்பக்கப் பெட்டியோரம் ஒதுங்கினேன்,
வயலின் வந்துசேராத இடம்.

இரண்டாம் பாட்டில்
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"ஒயரு நானூறுன்னு சொன்னீங்களே அன்னிக்கு,
உங்க சத்தம் சித்த உள்ள போச்சுங்க."