போயிட்டு வர்றேன்

ஏப்ரல் பிறந்துவிட்டால்
புறங்கையைத் தாரில் வைத்துப் பார்க்கவேண்டும்.
ஏழு எண்ணும்வரை கை தாங்கினால்
அதன் காலும் தாங்கும்.
இரவு ஒன்பதுக்கும் தாங்கவில்லை.
ஆகவே விடிகாலை நாலேகால்,
ஷார்ஜா, அல் நஹ்தா,
வண்டிகள் ஏறாத நடைபாதையில்
நான்,
என் இடது முழங்காலை ஒட்டிப் பொட்டலம்.

டயர் கம்பெனிக் கிடங்கில்
அட்டைப்பெட்டிக்குள் கிடைத்ததால் அந்தப் பெயர்.
முக்கால்வாசி பாலைவன நாய்.
மீதிக் காலைப் பற்றி ஆவணம் ஏதுமில்லை.

ஒரு சொல், ஒரே தடவை என்றாள் ரொவீனா.
பகலில் பல் ஆஸ்பத்திரியில் வேலை,
வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குப் பயிற்சி.
இரண்டாம் தடவை சொன்னால் மதிப்பெண் போச்சாம்.
எங்கள் வீட்டில்
'சாப்பிடு' என்பதையே
ஐந்து தடவைக்குக் குறைத்து யாரும் சொன்னதில்லை.

உக்காரு. படு. வா.
ஒட்டி நடப்பதற்கு 'கூட' என்று வைத்துக்கொண்டேன்.
அசையாதிருக்க, 'இரு'.
மூன்று மாதம் சட்டைப்பையில் நெத்திலி.
லிஃப்டில் ஆட்கள் தள்ளி நின்றார்கள்.

போட்டி அல் கூஸில்,
ஏசி போட்ட ஒரு கிடங்கு, பச்சை ரப்பர் விரிப்பு.
புதியவர்கள் பிரிவு. எண் பதினொன்று.
மைக்கில் அழைத்தவர் 'போடலாம்' என்றார்.
போடலாமா வேண்டாமா என்பது
நடுவர் கையிலிருந்த பென்சிலில் இருந்தது.

வலது பக்கம் என்றார் நடுவர்.
நான் இடது பக்கம் திரும்பினேன்.
பொட்டலம் சரியாகத்தான் போயிற்று.
நடுவில் வார் விறைத்தது.
பென்சில் குறித்தது என் கணக்கில்.

கடைசியாக, ஒரு நிமிடம் உட்கார்ந்திருத்தல்.
ஐந்து நாய்கள் வரிசையில்:
ஹுமைதின் சலூக்கி, ஒரு லாப்ரடார்,
கொட்டாவி விடும் ஷெப்பர்ட்,
இன்றைக்கென்றே முடி வெட்டிய பூடில்,
எங்களது.
நாயை விட்டுச் செல்லுங்கள், என்றார் நடுவர்.

உள்ளங்கையை மூக்குக்கு முன் காட்டி
இரு என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கவேண்டும்.
கால் எடுத்து வைக்கும்போது
வாய் தானாக,
"போயிட்டு வர்றேன்."

தினமும் ஆறு ஐம்பதுக்கு,
கையில் சாவியோடு சொல்வது.

பொட்டலம் எழுந்தது. அவசரமில்லை.
நாலு நாய்களைக் கடந்து
வளையத்தின் சின்னக் கதவுவரை நடந்து
அங்கே படுத்தது,
மூக்கைக் கதவின் கீழ் இடுக்கில் வைத்து.

ஒரு நிமிடம் முடியும்வரை
நானும் என் கோட்டில் நின்றாகவேண்டும். விதி.
அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வெளியே யாரோ நடந்தார்கள். ஒரு காது எழுந்தது.
அது நானில்லை. காது இறங்கியது.
இன்னொருவர். எழுந்தது. இறங்கியது.
ஐந்தரை மணிவரை
என் வீட்டில் என்ன நடக்கிறதென்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இருநூறுக்கு நூற்று இருபத்தெட்டரை.
தேற நூற்றெழுபது.
சலூக்கிக்கு ரிப்பன் கிடைத்தது.
ஹுமைத் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டான்,
நாய் தின்றுவிடுமாம்.

என்ன சொன்னீர்கள் அதனிடம், என்று கேட்டார் நடுவர்,
கோபமில்லாமல், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.
குட்பை என்றேன்.
காரில் ஏறிய பிறகு
அது சரியில்லை என்று தோன்றியது.
'வர்றேன்' அதில் எங்கே இருக்கிறது?

நவம்பரில் அடுத்த போட்டி.
வீட்டில் அந்தச் சொல்லை நிறுத்து என்கிறாள் ரொவீனா,
சும்மா கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பு.
திங்கட்கிழமை அப்படியே கிளம்பினேன்.
லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. மூடிக்கொண்டது.
நான் ஏறவில்லை.

திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.
நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தது,
எங்கே படுப்பதென்று தெரியாமல்.

சொன்னேன்.
ஒரே தடவைதான்.