எட்டுத் தலை

காலை ஏழேகால். ரோசோ துறைமுகத்தில்
மூவாயிரம் பேரை இறக்கிக்கொண்டிருக்கிறது
மிதக்கும் ஒரு வெள்ளைக் கட்டடம்.
எனக்கு எட்டுப் பேர் போதும்.
எட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது கொள்கை.
ஹைலானின் வேனில் ஒன்பதாவது இருக்கைக்கு
ஸ்பிரிங் போய்விட்டது என்பது விவரம்.
இரண்டும் உண்மை.
துண்டுப் பிரசுரத்தில் முதலாவது மட்டும்.

பிளாஸ்டிக் புட்டி வேண்டாம்.
கேட்காமல் முகங்களைப் படமெடுக்க வேண்டாம்.
நான் வெர்லின் டாரூ. இது டொமினிக்கா.
எங்கள் பழைய பெயருக்கு
‘நெடிய உடலாள்’ என்று பொருள்.
கப்பலில் கடந்து போனவர்கள்
அன்று ஞாயிறு என்பதால்
ஞாயிறு என்றே பெயர் வைத்துவிட்டுப் போனார்கள்.
திங்கட்கிழமை வந்திருந்தால்? என்பேன்.
சிரிப்பார்கள்.
பதினோரு வருடமாக அதே வளைவில் அதே சிரிப்பு.

நீடித்து நிற்கும் சுற்றுலா என்றால் என்ன?
கேட்டவள் ஒடெட்,
டொராண்டோவில் இரவுப் பணிச் செவிலி.
பதில் மனப்பாடம்தான்.
ஆனால் அந்த இடத்தில் சாலையே பாதிதான் இருந்தது;
மீதியைப் போன வார மழை
கடலுக்குக் கொடுத்திருந்தது.
ஹைலான் இறங்கினான்,
ஒரு காலால் மிதித்துப் பார்த்தான்,
பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி
“நிற்கும்” என்றான்.
அதையே பதிலாக விட்டுவிட்டேன்.

யுனெட்டா வீட்டில் மரவள்ளி.
தலைக்கு முப்பது டாலர், அவள் கையிலேயே கொடுப்பேன்.
கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு.
துருவி, துணியில் கட்டி,
எட்டுப் பேரும் ஆளுக்கொரு முறை முறுக்கினார்கள்;
வெள்ளைச் சாறு சொட்டியது.
இரும்புத் தட்டில் ரொட்டி வேகத் தொடங்கியது.
இங்கே சொல்ல என்னிடம் ஒரு வரி இருக்கிறது:
எங்கள் வரலாறும் இப்படித்தான்,
நஞ்சைப் பிழிந்துவிட்டு மிச்சத்தைச் சுட்டோம்.
அதற்குக் கண் கலங்க
எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார்.

இன்று நான் வாயெடுக்கும் முன்
யுனெட்டா முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு
கேட்டாள்:
“நாங்கள் சுட்டுக் காட்டுகிறோம்,
ஆடிக் காட்டுகிறோம்.
உங்களுக்கு என்ன தெரியும்?”

நிரலில் இல்லாத கேள்வி.
ஒரு கோழி எல்லோருடைய காலையும் சுற்றி வந்தது.
நெதர்லாந்துக்காரர் யோஸ்ட்
கைபேசியில் தன் ஊர்ப் பாலத்தைத் தேடினார்.
“கையால் செய்வதைக் கேட்டேன்” என்றாள்.
யோஸ்ட் வரிக் கணக்கர். கைகளைப் பார்த்துக்கொண்டார்.

ஒடெட்தான் எழுந்தாள்.
ஹைலானைப் பாயில் படுக்கச் சொன்னாள்.
நூற்றுப் பத்து கிலோ ஹைலான்
பிணம்போல் நாக்கை நீட்டிப் படுத்தான்; ஒரே சிரிப்பு.
அவள் அவன் முழங்காலை மடக்கினாள்,
தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை,
தன் எடையைப் பின்னால் சாய்த்தாள்.
கதவு திறப்பதுபோல் அவன் புரண்டான்.
எழுந்து உட்கார்ந்தவன் சிரிக்கவில்லை.

“இன்னொரு முறை” என்றாள் யுனெட்டா. “மெதுவாக.”
பிறகு தானே செய்து பார்த்தாள்.
பிறகு உள்ளறைத் திரையைப் பார்த்தாள்.

அந்தத் திரைக்குப் பின்னால் இருமல் கேட்கும்.
மார்ச்சிலிருந்து கேட்கிறது.
அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று
எல்லாக் குழுவிடமும் சொல்லியிருக்கிறேன்.
மரியாதை என்று நினைத்தேன்.
ஒருநாளும் நான் கேட்கவில்லை.

இருவரும் உள்ளே போனார்கள்.
ரொட்டி கருகியது,
நானே கரண்டி எடுத்துத் திருப்பினேன், கோணலாக.
யாரும் படமெடுக்கவில்லை.
திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல்,
வலியா நிம்மதியா என்று
பிரித்தறிய முடியாத நீண்ட ஒற்றை மூச்சு.

அடுத்தது அருவி. இரண்டு மணிக்கு.
வேனில் ஏற்றித் தலை எண்ணினேன்.
ஏழு.
மறுபடி எண்ணினேன், ஏழு.
ஹைலான் என்னைப் பார்த்தான்.
எஞ்சினை அணைத்தான்.