ஒன்றுமில்லை

சாட்கால் ஆற்றுக்கு மேலே
ஆடுகளும் தயங்கும் பாறை.
இடுக்கில் ஒரு கைப்பிடி மண்.
அதில் நிற்கிறது மலைவெங்காயம்,
புர்மகானின் தோள் உயரம்.

தண்டு உள்ளே காலி.
இடுப்புக்குக் கீழே மட்டும் புடைப்பு,
தீ ஊதுகிறவள் கன்னம் மாதிரி.
கிழங்கின் மேல் சருகில்லை,
பழஞ்செருப்பின் செந்தோல்.
பூக்க வருஷங்கள் ஆகும்.
அதற்கென்ன அவசரம்.

எண்ணினாள். ஒன்பது.
போன வாரம் பத்து.
பத்தாவது நின்ற இடத்தில்
குழி, கடப்பாரைத் தடம்,
இன்னும் ஈரம்.

படிவத்தில் ஒரு கட்டம்: இங்கே எத்தனை?
அலுவலகத்துச் சுவரில் ஒட்டுவார்கள்.
மழைக்கு ஒதுங்குகிறவனும் படிப்பான்.
பென்சிலை நாக்கில் நனைத்து எழுதினாள்,
ஒன்றுமில்லை.

பனி உருகிய ஓடையில் கழுவினாள்.
வீட்டில் அடுப்புச் சாம்பலால் தேய்த்தாள்.
போகவில்லை.

ராத்திரி ரொட்டி பிய்க்கும்போது
கொழுந்தன் எசென்பெக்
மூக்கைச் சுளித்துச் சிரித்தான்:
"மலைக்கா போனீங்க அண்ணி?"

அவள் பேசவில்லை.
ரொட்டிக்காக நீண்ட
அவன் விரல்களிலும்
அதே வாடை.