சுமையில்லா ஓட்டம்

வால்பராய்சோ. மேட்டுத்தெரு மோட்டார் அறை.
குன்றேறும் பெட்டியை வடத்திலிருந்து கழற்றி
மூன்று நாளாகிறது.
எதையும் இழுக்காமல், சும்மா
சுற்றிக்கொண்டிருக்கிறது மோட்டார்.

இருநூற்றிருபது வோல்ட். ஐந்து ஆம்பியர்.
நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று.
எடுவினா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.
வேலை செய்யாதபோது தின்பதைப் பிடித்துவிட்டால்
வேலை நாளில் சிந்துவதும் தெரிந்துவிடும் என்கிறாள்.

புலச்சுருளுக்கு இரண்டு ஆம்பியர்,
நானூற்று நாற்பது வாட்:
பெட்டி காலியோ நிறைவோ, அதற்குக் கவலையில்லை.
உராய்வு, காற்று, இரும்பு மூன்றுக்கும் சேர்த்து
அறுநூற்று ஐம்பத்தெட்டு.
மிச்சமெல்லாம் தாளில்தான்.
ஆட்கள் நெருக்கியடித்து ஏறினால்
ஆர்மெச்சூரில் நாற்பது ஆம்பியர்;
செம்பு தன் பங்குக்கு நானூறு வாட் எடுத்துக்கொள்ளும்;
வேகம் ஐம்பது சுற்று இறங்கும்.
மீன் பையோடு நிற்கிற எவருக்கும்
அது தெரியப்போவதில்லை.

நூற்றுக்கு எண்பத்து நான்கு.
அவள் அடிக்கோடு போடவில்லை.

ஏப்ரலில் புலக்கம்பியின் திருகு ஒன்று தளர்ந்தது.
காந்தம் நலிந்தால் மோட்டார் ஓய்ந்துவிடும் என்றிருந்தேன்.
அதுவோ
பிடி விட்ட வெறியில்
அலறி ஏறியது.
சுவிட்சைப் பிடுங்கியபோது தெறித்த பொறி
அவள் மணிக்கட்டில் இன்னும் கறுத்துக் கிடக்கிறது.
இன்று தொடங்குமுன் அந்தத் திருகை
மூன்று முறை தொட்டுப் பார்த்தாள்.

மீதிப் பதினாறு எங்கே போகிறது என்றேன்.
பென்சிலை நீட்டினாள்.

நிறுத்தி அரைமணியாகியும் சூடாறாத
இரும்பு முதுகின் மேல்
துறைமுகத்துப் பூனை,
நான்கு காலையும் விரித்துக்கொண்டு.