இரண்டு பக்கெட்

தண்டு நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கழிவு.
கழுத்து சாய்ந்தால் கழிவு.
வெளியிதழில் நகம் பட்ட தழும்பா,
திம்மராயப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல்
பக்கெட்டில் போடுவார்.
மிச்சமெல்லாம் ஐஸ் வண்டி ஏறி
பெங்களூரு போய் விமானம் பிடிக்கும்.

கெலமங்கலத்தில் எங்கள் கோயில் பீடத்துக்கு
ஆறு வருடமாய் அந்தக் கழிவுதான்.
ஒருவரும் குறை சொன்னதில்லை.
சாய்ந்த கழுத்தைச் சுரூபத்தின் காலடியில் வைத்தால்
கும்பிடுவது மாதிரித்தான் இருக்கும்.

இந்த வருடம்
காதலர் தினமும் விபூதி புதனும்
ஒரே நாளில் வந்து விழுந்தன.
மூன்று ராத்திரி தூங்காமல் கட்டுக் கட்டினோம்.
கழிவும் அதற்கேற்ற மாதிரி:
இரண்டு பக்கெட், தளும்பத் தளும்பச் சிவப்பு.
ஆட்டோ முபாரக் காசு வாங்கவில்லை.
வீட்டுக்கு என்று ஒரு பூ எடுத்துக்கொண்டார்.

புதுச் சாமியார் ஏணி மேல் நின்று
சீரியல் பல்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
"நாற்பது நாளைக்குப் பூ வேண்டாம் ஜெசிந்தா."
ஜரிகைத் துணி இல்லை, பிளாஸ்டிக் மாலை இல்லை.
பர்கூர்க் கருங்கல், மழமழவென்று.
அதில் என் முகம் தெரிந்தது.
ஆறு வருடம் துடைத்திருக்கிறேன்,
துணிக்கு மேலே.

பீடத்தைச் சுற்றி நின்றவர்களையெல்லாம்
சக்ரீஸ்து அறையில் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள்.
முதுகுக்கு யாரும் வண்ணம் அடித்திருக்கவில்லை.
செபஸ்தியாருக்கு அம்பெல்லாம் முன்னால்தான்;
பின்னால் வெறும் சுண்ணாம்பு,
பென்சிலில் விலை: நானூற்றி ஐம்பது.
அந்தோணியாரின் கூட்டுக்குள்
பல்லி முட்டை இரண்டு.

குழந்தை தெரசாள் கையில்
பிளாஸ்டர் ரோஜா, ஒரு மடி நிறைய.
தண்டே இல்லை.
எங்கள் செட்டில் ஒன்றுகூடத் தேறாது.

பீடத்துக்குத்தானே வேண்டாம் என்றார்.
பக்கெட் இரண்டையும் அவள் பக்கத்தில் வைத்து
கதவைச் சாத்தினேன்.
ஏற்றுமதி ரோஜாவுக்கு வாசம் கிடையாது,
காட்டிக்கொடுக்காது.

மறுநாள் காலைப் பூசை.
சாம்பல் கிண்ணத்தை எடுக்க
அந்த அறைக்குத்தான் போக வேண்டும்
என்பது வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

என் முறை வந்தது.
கட்டைவிரலால் நெற்றியில் அழுத்தி
மண்ணைப் பற்றிய அந்த வாக்கியத்தைச் சொன்னார்,
எல்லாருக்கும் சொன்ன அதே குரலில்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"தண்ணியை மாத்திடும்மா. நாறும்."

எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் இருந்தவர்
என் தோளில் தட்டினார்,
நகரச் சொல்லி.