படிவம் பதினேழு

செவ்வாயும் வியாழனும் ஏழரைக்கு வகுப்பு.
அதுவரை நான்
மொந்தேவிதேயோ பேருந்து நிலையத்தின் கீழ்த்தளத்தில்
தொலைந்த பொருட்களுக்குக் காவல்.

நாற்பத்தொரு குடைகள்.
ஒரு பெட்டி நிறைய ஒற்றைக் கையுறைகள்.
மாத்தே குடிக்கும் குடுக்கைகள்,
இன்னும் சூடு ஆறாத ஒரு ஃபிளாஸ்க்.
மேல்வரிசைப் பல்செட் ஒன்று.
அதை எப்படி மறந்துவிட்டு இறங்க முடியும் என்று
நானும் வால்தெமாரும் ஒரு வாரம் பேசினோம்.

மார்ச்சில், முதல் நாள்,
பேராசிரியர் எலிசால்டே கரும்பலகையில் ஒரே வரி எழுதினார்:
உனக்கு அது எப்படித் தெரியும்?
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கம்பி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
நாளெல்லாம் நான் கேட்பது அதைத்தானே.
உங்களுடையது என்று எப்படித் தெரியும்?
நிறம் சொல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது?
மூன்று அடையாளம் பொருந்தினால்
படிவம் பதினேழில் கையெழுத்து. போகலாம்.

பார்க்க ஆளில்லாதபோது பொருள் இருக்கிறதா
என்பதற்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தார்.
விளக்கணைத்துப் பூட்டும் நேரம்
இருட்டில் அலமாரிகளைப் பார்த்தபடி நின்றேன்.
தேடி யாரும் வராத பொருள் இருக்கிறதா?
எங்கள் விதிமுறைப்படி
தொண்ணூறு நாள் இருக்கிறது.
பிறகு ஏலம்.

ஜூலையில், ஆற்றுப் பக்கமிருந்து
மழை படுக்கைவாட்டில் அடித்த நாளில் ஒருவர் வந்தார்.
பைசந்தூ பேருந்து. கறுப்புக் குடை.
மரக் கைப்பிடி. ஒரு கம்பி வளைந்தது.
எல்லாம் பொருந்தியது.
அவர் நம்பினார், நானும் நம்பினேன்,
இருவரிடமும் காரணங்கள் இருந்தன.
நான்காம் நாள் இரண்டு குடைகளோடு திரும்பி வந்தார்.
அவருடையது வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே
தொங்கிக்கொண்டிருந்ததாம்.
மரக் கைப்பிடி. ஒரு கம்பி வளைவு.
திருடிவிட்டவர் போலக் கூசி நின்றார்.
எது எது என்று இப்போது அவருக்கும் தெரியவில்லை.
ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதே வாரம் ஓர் அம்மாள்.
நீலச் சால்வை என்றாள். பச்சை.
குஞ்சம் உண்டு என்றாள். இல்லை.
கடையின் பெயரும் தப்பு.
மன்னிக்கவும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
கம்பிக்குள் கையை விட்டுச் சால்வையை இழுத்து
முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.
இதுதான், என்றாள் துணிக்குள்ளிருந்து.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
மூன்று அடையாளங்களை நானே எழுதி
அவளிடம் பேனாவை நீட்டினேன்.

இவ்விரண்டையும் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன்.
பன்னிரண்டுக்கு ஏழு.
ஓரத்தில் சிவப்பு மையில்:
உதாரணங்கள் நன்று. முடிவு எங்கே?

முடிவு எங்கே என்றுதான்
அன்றிரவு பேருந்தில் யோசித்துக்கொண்டு வந்தேன்.
யோசித்ததில் நோட்டை இருக்கையிலேயே விட்டு இறங்கினேன்.

காலையில் அது எங்கள் அலமாரியில்,
குடைகளுக்கும் பல்செட்டுக்கும் நடுவே.
வால்தெமார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
படிவத்தை எடுத்தான். சிரிக்கவில்லை.
மூன்று அடையாளம் சொல்லுங்கள், செனோரித்தா.

பச்சை அட்டை என்றேன்.
கடைசிப் பக்கத்தில் மளிகைக் கணக்கு என்றேன்.
மூன்றாவதாக, என் கையெழுத்து.
அவன் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினான்.

'நான் இருக்கிறேன், இதில் சந்தேகமில்லை.'
கீழே இரண்டு கோடு, பேனா தாளைக் கிழிக்கும் அழுத்தத்தில்.
மார்ச் மாதத்து எழுத்து; சுழிகள் பெரியவை,
இப்போது நான் அப்படிச் சுழிப்பதில்லை,
அவ்வளவு அழுத்துவதுமில்லை.
யார் இந்தப் பெண், என்ன தைரியம் இவளுக்கு.

உங்களுடையதா? என்றான் வால்தெமார்.

எனக்குப் பின்னால்
ஈரக் கோட்டோடு மூன்று பேர் நிற்கிறார்கள்.
ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
பேனாவைக் கொடு, என்கிறேன்,
பெட்டியில் குறி போட்டுவிடு,
மீதியை வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.