சுவர் அழகாக வந்திருக்கிறது

கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்
முதலில் கேட்பது எண்ணைத்தான்:
எத்தனை மெகாபிக்சல்?
அறுபத்து நாலு என்றால் முகம் சுருங்கும்.
நூற்றெட்டு என்றால் பணப்பை திறக்கும்.
புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்
ஒன்பது வருடம்
எண்களை விற்றே வாடகை கட்டினேன்.

ரிஸ்மியா ராத்தா எண் எதுவும் கேட்கவில்லை.
போன மாதம் என்னிடம் வாங்கிய ஃபோனை
பெட்டி மேல் வைத்தார், மெதுவாக,
எதையோ திருப்பிக் கொடுப்பதுபோல.
"இது பொய் சொல்லுது தம்பி."

மாளிகாவத்தை மாடிவீடு, நாலாம் தட்டு.
மேல்வீட்டுக் குழாய் கசிந்து
படுக்கையறைச் சுவரெல்லாம் பூஞ்சணம்,
கட்டில் உயரத்துக்கு.
சின்னவனுக்கு இரவில் இழுப்பு.
வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பினாராம்.
தெஹிவளையிலிருந்து பதில் வந்தது:
"சுவர் நல்லாத்தானே இருக்கு."

பெருப்பித்துப் பார்த்தேன்.
நல்லாத்தான் இருந்தது.

மங்கல் பல்பின் வெளிச்சத்தில்
நகத்திலும் சிறிய சென்சருக்கு
ஒரு சிட்டிகை ஒளிதான் கிடைத்திருக்கிறது.
மீதியை மென்பொருள் ஊகித்தது.
புள்ளி புள்ளியாகத் தெரிந்ததை எல்லாம்
இருட்டின் இரைச்சல் என்று துடைத்தது.
பூஞ்சணமும் புள்ளிதானே.
முகப்பருவை மறைத்துப் பழகிய கை
சுவருக்கும் பவுடர் பூசிவிட்டது.

விற்கும்போது நான் இதெல்லாம் சொல்வதில்லை.
ஒரு சட்டிச் சோற்றை
நூற்றெட்டுக் கோப்பையில் பரிமாறினால்
கோப்பைதான் கூடும், சோறு கூடாது.
முதுகில் மூன்று கண் இருந்தாலும்
ஒன்று சும்மா, அலங்காரத்துக்கு.
காலிமுகத்திடலில் ஒரு மாலை நின்றால் போதும்,
வில்லையில் உப்பு ஏறிவிடும்;
அதைத் துடைக்க ஒரு துண்டுத் துணி,
அதையும் நான் காசுக்குத்தான் விற்கிறேன்.

"அப்ப பெரிய ஃபோன் ஒண்டு எடுக்கவா?"
கை பணப்பையில் இருந்தது.
மேல் தட்டில் ஒன்று இருந்தது, இரண்டே கால் இலட்சம்.
அந்த நேரம் பார்த்து
புவிராஜ் தேத்தண்ணியை நீட்டினான்.
வாய் நிறையச் சூடு.
அதனால்தான் பேசாமல் இருந்தேன்.
அதற்குமேல் என்னை நல்லவனாக்க வேண்டாம்.

அழகுப் பொத்தானை அணைத்தேன்.
ப்ரோ என்ற பக்கத்தைத் திறந்து
ஷட்டரை அரை விநாடிக்கு இறக்கினேன்.
கையில் பிடிக்காதீங்கோ,
கதிரையில் சாய்த்து வையுங்கோ, டைமர் போடுங்கோ.
டோர்ச்சை நேரே அடிக்காதீங்கோ,
சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கோ.
வீங்கிய சுண்ணாம்பு ஒவ்வொன்றுக்கும்
நிழல் விழ வேணும்.
வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால்
அது ஒருக்கால் பிழியும்,
ஃபைலாக அனுப்புங்கோ.

கடைச் சுவரில் செய்து காட்டினேன்.
வெள்ளை என்று நான் நம்பியிருந்த சுவர்.
பழைய ஆணித் துளைகள், கோணல் பூச்சு,
கூரையிலிருந்து இறங்கும் ஒரு ஈரக் கோடு.
புவிராஜ் எட்டிப் பார்த்து
"இது எங்கட கடையா?" என்றான்.

இரவு பதினொன்று நாற்பது.
ஃபைல் ஒன்று வந்தது.
சுண்ணாம்பின் ஒவ்வொரு செதிளும் தெரிந்தது.
கறுப்புக்குள் பச்சை, பச்சைக்குள் சாம்பல்,
தலையணை பட்டுப் பட்டு மட்டும்
அழிந்திருந்த ஓர் இடம்.
மூலையில் சின்னதாக ஒரு புகை.
அரை விநாடி அசையாமல்
படுத்திருக்க முடியாத ஒருவன்.

கீழே எழுதியிருந்தார்:
"பிள்ளை இருமிப் போட்டான்.
திரும்ப எடுக்கவா?"

வேண்டாம், அப்படியே அனுப்புங்கோ
என்று தட்டினேன்.

மறுநாள் காலை முதல் ஆள்,
கையில் பெட்டாவின் புழுதியோடு ஒரு இளைஞன்.
"எத்தனை மெகாபிக்சல் அண்ணே?"
எங்கே வைத்து எடுக்கப் போறீங்கள்
என்று கேட்டேன்.

பக்கத்துக் கடைக்குப் போய்விட்டான்.